வழியனுப்பும் கல்வி!

வரலாம், போகலாம், மீண்டும் வரலாம்! கல்லூரிக்கு இனிக் கதவே கிடையாது. காற்றைப் போல நுழையலாம், காற்றைப் போல வெளியேறலாம்! இப்படியொரு பேச்சு டில்லியிலிருந்து புறப்பட்டு, படித்தவர் பலரின் நாவிலே குடியேறியிருக்கிறது. கேட்பதற்கு இனிக்கத்தான் செய்கிறது. சிறைக் கதவைத் திறந்துவிட்ட வீரனின் பெருமிதம், அதைச் சொல்பவர் முகத்திலே மின்னுகிறது. நாம் கேட்க விரும்புவது ஒன்றே: வந்தவனைப் போகச் சொல்லும்படி யார் கேட்டார்கள்?

என்ன ஏற்பாடு அது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 2020 சூலையில் ஒன்றிய அரசு ஏற்றுக்கொண்ட தேசியக் கல்விக் கொள்கை, பல வழி நுழைவு, பல வழி வெளியேற்றம் என்றொரு தத்துவத்தை அறிவித்தது. 2022 திசம்பரில் பல்கலைக் கழக மானியக் குழு வெளியிட்ட இளங்கலைக் கட்டமைப்பு, அந்தத் தத்துவத்துக்கு எலும்பும் தசையும் கொடுத்தது. பாடங்களெல்லாம் ‘கிரெடிட்’ என்னும் புள்ளிகளால் அளக்கப்படும். 40 புள்ளி சேர்த்தவன், கோடை விடுமுறையில் 4 புள்ளிக்கு ஒரு தொழிற்பாடமும் முடித்துவிட்டால், முதலாண்டோடு சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகலாம். 80 புள்ளியும் அதே போன்ற தொழிற்பாடமும் இருந்தால், இரண்டாம் ஆண்டோடு பட்டயம். 120 புள்ளிக்கு மூன்றாண்டுப் பட்டம். 160 புள்ளிக்கு நான்காண்டுச் சிறப்புப் பட்டம். இடையிலே இறங்கிப் போனவன் மூன்று ஆண்டுக்குள் திரும்ப வேண்டும். மொத்தப் படிப்பையும் ஏழு ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும். புள்ளிகளைப் போட்டு வைக்க 2021-இல் ஒரு வங்கி திறக்கப்பட்டது. மாணவனுக்கு ‘அபார்’ என்று 12 இலக்க எண் ஒன்றும் வந்து சேர்ந்தது. ஒரே நாடு, ஒரே மாணவர் அடையாளம் என்று அதற்குப் பட்டப் பெயர் வேறு!

முதலாண்டோடு இறங்குகிறவன் கையிலே கொடுக்கப்படும் அந்தக் காகிதம் எந்தக் கதவைத் திறக்கும்? தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி ஒன்று, தொகுதி இரண்டு தேர்வுகளுக்குப் பட்டம் வேண்டும். தொகுதி நான்குக்குப் பத்தாம் வகுப்பே போதும். மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் பட்டம் வேண்டும். உயர்நிலைப் பள்ளியிலே பாடம் சொல்ல வேண்டுமானால் பட்டத்தின்மேல் கல்வியியல் பட்டமும் வேண்டும். அவற்றைக் காட்டிய பிறகுதான் நாமே கரும்பலகையின் முன் நிற்கிறோம். வேடிக்கை ஒன்று கேளுங்கள்: புள்ளி வங்கியிலே கணக்கு வைத்தவன், மெய்யான வங்கியிலே எழுத்தர் வேலைக்குப் போனால், அங்கும் முதலில் கேட்பது பட்டம்! அவனுடைய 40 புள்ளியை எந்த வங்கியும் சீண்டாது. பத்தாம் வகுப்புக்கும் பட்டத்துக்கும் இடையிலே தொங்கும் அந்தச் சான்றிதழ், சுவரிலே மாட்டுவதற்கு உதவும்; சோற்றுக்கு உதவாது.

அப்படியிருந்தும் இறங்கிப் போகப் போகிறவன் யார்? சட்டம் யாரையும் போகச் சொல்லவில்லை என்பார்கள். ஆம், சட்டம் சொல்லாது. சட்டத்துக்கு அந்த வேலை இல்லை. வீட்டு அடுப்பு அந்த வேலையைச் செய்துவிடும். பணமுள்ள வீட்டுப் பிள்ளை இந்த ஏற்பாட்டிலே நுழைவு என்னும் பாதியை எடுத்துக்கொள்வான்: ஓராண்டு இங்கே, ஓராண்டு பெங்களூரிலே, கொஞ்சம் புள்ளி இணையவழியிலே என்று தேனீயைப் போல் திரிவான். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மிஞ்சுவது வெளியேற்றம் என்னும் மறுபாதி.

நம் நாஞ்சில் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 91.75 விழுக்காடு; தமிழ்நாட்டு மாவட்டங்களிலே முதலிடம். பெருமைதான். ஆனால் எழுத்தறிந்த அந்த வீடுகள் எதை நம்பி எரிகின்றன? குலசேகரத்துக்கு மேலே, விடியுமுன் இரப்பர் மரத்தில் கத்தி வைக்கும் தொழிலாளியின் வீடு, மழை பிடித்துக்கொண்டால் வருமானத்தை இழக்கிறது. வெட்டு இல்லை, பால் இல்லை, கூலி இல்லை. ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்கு மழைக்காலம் என்று ஒன்று உண்டா? கருங்கல், மார்த்தாண்டம் வட்டாரங்களிலே முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும் தாய், தோட்டின் எண்ணெய் பட்டு வெந்துபோன விரல்களோடு மகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறாள். தூத்தூர் தொடங்கிக் குளச்சல், முட்டம் வரை கடலோடு பிழைக்கும் ஊர்களின் கதை இன்னும் கொடிது. 2017 நவம்பர் இறுதியிலே ஒக்கிப் புயல் அந்த ஊர்களின் ஆண்களை அள்ளிக்கொண்டு போனது. தந்தையின் உடலாவது கரை ஒதுங்குமா என்று காத்துக் கிடந்த மகனுக்கு, வருகைப் பதிவேடு என்ன எழுதியிருக்கும்? ‘வரவில்லை’ என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் எழுத அந்த ஏட்டிலே கட்டம் கிடையாது.

இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையிடம், “தம்பி, இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்ட முடியவில்லையா? கவலைப்படாதே, இதோ உனக்கொரு சான்றிதழ், போய் வா!” என்று சொல்வதற்குப் பெயர் சுதந்திரமாம்! பசித்தவனிடம் உண்ணாமல் இருக்கும் உரிமை உனக்கு உண்டு என்று சொல்வதும் சுதந்திரம்தானே?

இன்னொன்றையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். நான்காண்டும் படிக்கிறவனுக்கு இல்லாத ஒரு நிபந்தனை, இறங்கிப் போகிறவனுக்கு மட்டும் உண்டு. கோடையிலே தொழிற்பாடம் முடித்தால்தான் அவனுக்கு வழிவிடுவார்கள். தொடர்ந்து படிக்கிறவனுக்கு ஆராய்ச்சி, இறங்குகிறவனுக்குக் கைத்தொழில். இந்தப் பிரிவினையை எங்கேயோ கண்டிருக்கிறோம் அல்லவா? 1953-இல் இராசகோபாலாச்சாரியார் சென்னை மாகாணத்துக் கிராமப் பள்ளிகளிலே புகுத்திய திட்டம் நினைவுக்கு வரவில்லையா? பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் அப்பன் செய்யும் தொழில். குலக் கல்வி என்று அதன் நெற்றியிலே பெயர் எழுதிய பெரியாரும், மும்முனைப் போராட்டத்திலே ஒரு முனையாக அதை எதிர்த்து நின்ற கழகத் தோழர்களும் ஓயவில்லை. 1954-இல் ஆச்சாரியார் பதவியைவிட்டு இறங்கினார், காமராசர் வந்தார், அதே ஆண்டு மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. நாஞ்சில் நாடு அப்பொழுது திருவிதாங்கூர்-கொச்சியோடு கட்டுண்டு கிடந்தது. 1956 நவம்பர் முதல் நாள்தான் தமிழகத்தோடு சேர்ந்தோம். ஆதலால் அந்தத் திட்டம் நம் பாட்டன்மாரைத் தொடவில்லை. பேரப் பிள்ளைகளைத் தொடுவதற்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது!

தொடவில்லை என்று சொன்னோம். திருவிதாங்கூர் என்ன வாழ்ந்தது என்று கேட்கலாம். 1817-இலேயே கௌரி பார்வதி பாயி, குடிகளின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்கும் என்று ஆணையிட்டதாகப் பாடப் புத்தகங்கள் பாராட்டும். ஆணை அழகானது. ஏட்டிலே பெயர் ஏறியது யாருடைய பிள்ளைக்கு? ஈழவர் குலத்திலே பிறந்த பல்பு, மருத்துவப் படிப்புக்கான தேர்விலே தேறியும் இடம் மறுக்கப்பட்டார். சென்னைக்குப் போய்ப் படித்து மருத்துவராகத் திரும்பினார். சொந்த நாட்டு அரசு வேலை தர மறுத்தது. மைசூர் அரசிலே பணி செய்தார். 1896-இல் 13,176 பேர் கையொப்பமிட்டு, எங்கள் பிள்ளைகளுக்கும் பள்ளியையும் பணியையும் திறந்துவிடுங்கள் என்று மன்னருக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. நம் எல்லைக்கு அப்பால், வெங்ஙானூரிலே பிறந்த ஐயன்காளி, புலையர் பிள்ளைகளைப் பள்ளியிலே சேர்க்காவிட்டால் வயலிலே இறங்கமாட்டோம் என்று உழைப்பாளிகளைத் திரட்ட வேண்டியிருந்தது. சேர்க்கலாம் என்று ஆணை வந்த பிறகும், ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் ஒரு சிறுமியை அழைத்துச் சென்றபோது, பள்ளிக்கே தீ வைத்தார்கள்! அந்தப் பிள்ளை தொட்ட ஏட்டைக் காட்டிலும், எரிந்து போன பள்ளி மேல் என்று எண்ணினார்கள் போலும்.

நாகர்கோவிலிலே 1893-இல் கல்லூரியாக வளர்ந்த ஸ்காட் கிறித்தவக் கல்லூரியும், 1952-இல் பிறந்த தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும், மார்த்தாண்டத்திலே 1964-இல் எழுந்த நேசமணி நினைவுக் கல்லூரியும், பின்னர் வந்த மற்றவையும் இந்த வரலாற்றின் மறுகரையிலே நிற்பவை. நுழைவதற்கே நூறாண்டு போராடிய மக்கள் நாம். உள்ளே வந்து இரண்டு தலைமுறை உட்காருமுன், வெளியே போகும் வழி எத்தனை அழகாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டுகிறார்கள்!

டில்லியின் திருவிளையாடலையும் சற்றே பார்த்துவிடுவோம். 2013-இல் டில்லிப் பல்கலைக் கழகம் நான்காண்டுப் படிப்பைக் கொண்டு வந்தது. இரண்டாண்டோடு இறங்கினால் பட்டயம், மூன்றாண்டோடு இறங்கினால் பட்டம் என்ற இதே ஏற்பாடு. மாணவரும் ஆசிரியரும் எதிர்த்தனர். 2014 சூனில் பல்கலைக் கழக மானியக் குழுவே ஆணையிட்டு அதைக் கைவிடச் செய்தது. அதே மானியக் குழு, எட்டே ஆண்டு கழித்து, அதே சரக்கை நாடு முழுவதற்கும் விற்கக் கடை விரித்தது! 2014-இலே கெட்டது 2022-இலே நல்லதாயிற்று என்றால், இடையிலே நடந்த இரசவாதம் என்ன? 2023-இல் நாடாளுமன்றத்தின் கல்வி நிலைக்குழுவும், இத்தனை பெரிய மாணவர் கூட்டத்திலே எத்தனை பேர் எப்போது வருவர், எப்போது போவர் என்று கணிப்பது கடினம், ஆசிரியர் மாணவர் விகிதமே குலைந்துபோகும் என்று ஐயம் தெரிவித்தது. நாத்திகன் எழுப்பிய ஐயமன்று. நாடாளுமன்றக் குழு எழுப்பிய ஐயம். பதில் எங்கே?

நாம் அஞ்சுவது சான்றிதழின் பயனின்மையை மட்டும் கருதியன்று. அதைவிடப் பெரிய கேடு ஏட்டிலே நிகழப் போகிறது.

இன்று ஒரு மாணவன் பாதியிலே நின்றால், பதிவேடு அவனை ‘இடைநின்றவன்’ என்று குறிக்கிறது. கசப்பான சொல். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு வலிமை உண்டு. அது குற்றஞ்சாட்டுகிறது. எண்ணிக்கை கூடினால் சட்டமன்றத்திலே கேள்வி எழும்; ஏடுகள் எழுதும்; ஏன் நின்றான், உதவித்தொகை வரவில்லையா, பேருந்து இல்லையா, விடுதி இல்லையா என்று யாராவது ஒருவர் கேட்பார். நாளை அதே மாணவன் அதே வறுமையால் அதே நாளில் நிற்பான். ஏடு என்ன சொல்லும்? ‘சான்றிதழ் பெற்று வெளியேறினார்’ என்று சொல்லும். இடைநின்றவன் மறைந்துவிட்டான், வெற்றி பெற்றவன் ஒருவன் பிறந்துவிட்டான்! ஒரு பைசா செலவில்லாமல், ஓர் ஆசிரியரை நியமிக்காமல், ஒரு விடுதி கட்டாமல், இடைநிற்றலை நாட்டிலிருந்து ஒழித்துவிடலாம். நோயாளியைக் குணப்படுத்த வழி தெரியாத மருத்துவர், நோயின் பெயரை மாற்றிவிட்டால் போதும் அல்லவா?

இதிலே முதலில் பலியாகப் போகிறவள் பெண். நம் மாவட்டத்து வீடுகளை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மகள் கல்லூரியிலே முதலாண்டு முடிக்கும்போதே தரகர் திண்ணையிலே அமர்ந்துவிடுகிறார். மாப்பிள்ளை வளைகுடாவிலே வேலை. விடுமுறை இருபதே நாள். சீர்வரிசைப் பேச்சு பாதி முடிந்தது. அந்த நேரத்திலே அவள் கையிலே இருக்கும் ஒரே ஆயுதம் என்ன? “இப்போது நிறுத்தினால் ஒன்றுமே கையிலே இராது, கட்டிய பணமெல்லாம் வீண்” என்னும் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்குத் தந்தை தயங்குவார். தாய் பரிந்து பேசுவாள். தரகர்கூட மூன்றாண்டு முடியட்டும் என்று ஒத்துக்கொண்டு எழுந்து போனதுண்டு. புதிய ஏற்பாடு அந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து பறித்துக்கொள்கிறது. “அதுதான் சான்றிதழ் கொடுத்துவிட்டார்களே அம்மா, வேண்டுமானால் மூன்று வருசத்துக்குள் போய்ச் சேர்ந்துகொள்ளேன்!” என்பார்கள். மூன்றாண்டிலே அவள் இடுப்பிலே ஒரு குழந்தை இருக்கும். ஏழாண்டிலே இரண்டு இருக்கும். புள்ளி வங்கி அவள் சேமிப்பைக் காலாவதி என்று கணக்கு முடித்துவிடும்.

2022-இல் தமிழ்நாட்டில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தை இங்கே நினைவுகூர்வது தகும். அரசுப் பள்ளியிலே படித்த பெண், கல்லூரிப் படிப்பை முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய். முடிக்கும்வரை என்பதுதான் அதிலே உயிர்ச் சொல். ஒரு கை, தங்குவதற்குப் பணம் தருகிறது. இன்னொரு கை, போவதற்குக் காகிதம் நீட்டுகிறது. எந்தக் கை பெண்ணின் கை, எந்தக் கை தரகரின் கை என்பதை இளைஞர்கள் புரிந்துகொள்ள மாட்டார்களா?

நேர்மையான நண்பர் ஒருவர் குறுக்கிடக்கூடும்: “இன்று பாதியிலே நிற்பவனுக்கு ஒன்றுமே இல்லை. நாளை ஒரு துண்டுக் காகிதமாவது கிடைக்கும். திரும்பி வரவும் வழி இருக்கிறது. இதை ஏன் எதிர்க்க வேண்டும்?” கேள்வியிலே பரிவு இருக்கிறது, மறுக்கவில்லை. திரும்பி வரும் உரிமையை நாம் வரவேற்கிறோம். இன்னும் ஒருபடி மேலே போய்க் கேட்கிறோம். அதற்கு ஏன் மூன்றாண்டு, ஏழாண்டு என்று கெடு? கடலிலே தந்தையை இழந்து, தம்பி தங்கைகளை ஆளாக்கிவிட்டுப் பத்தாவது ஆண்டிலே ஒருவன் திரும்பி வந்தால், அவன் கற்ற பாடம் புளித்துப் போய்விடுமா? வருவதற்குக் கெடு வைக்காதீர்கள். போவதற்குப் பரிசு வைக்காதீர்கள். இந்த இரண்டையும் ஒரே பொட்டலத்திலே கட்டி, சர்க்கரையோடு நஞ்சையும் விலை பேசாதீர்கள் என்கிறோம். கல்லூரியே இல்லாமல் நம் ஒழுகினசேரிக் கலைவாணர் உலகம் போற்ற வாழவில்லையா என்று வாதிடுவோரும் உண்டு. கலைவாணர் ஒருவர்தான். கல்லூரியைவிட்டு இறங்கியவர் கூட்டத்திலே நூறு கலைவாணர்களைக் காட்டட்டும், பிறகு பேசுவோம்.

வெளியே போகும் வழியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உள்ளே இருப்பவனை மெல்ல வாயிலை நோக்கித் தள்ளும் கருவிகளும் கல்லூரியிலே உண்டு. அவற்றில் ஒன்று வருகைப் பதிவு, மற்றொன்று அகமதிப்பெண்.

நூற்றுக்கு 75 நாள் வந்தாக வேண்டும் என்பது விதி. சரி, விதி வேண்டும். அதற்குச் சற்றுக் குறைந்தால், பல பல்கலைக் கழகங்களிலே ஒரு மன்னிப்புக் கட்டணம் உண்டு! பணம் கட்டினால் வராத நாள் மன்னிக்கப்படும். ஐரோப்பாவிலே பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள். 1517-இல் மார்ட்டின் லூதர் அதை எதிர்த்தார் என்று வகுப்பிலே பாடம் நடத்துகிறார்கள். பாடம் முடிந்ததும் அதே கட்டடத்தின் அலுவலகத்திலே, வராத பாவத்துக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார்கள்! பணமுள்ளவன் சுற்றுலாவுக்குப் போன நாளும் மன்னிக்கப்படும்; இரப்பர்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவன் நாள் நிலுவையிலே நிற்கும்.

அகமதிப்பெண் இன்னும் நுட்பமானது. பருவத் தேர்வு விடைத்தாளிலே மாணவன் பெயர் இராது. டம்மி எண் இருக்கும். திருத்துகிறவர் யார் என்று அவனுக்குத் தெரியாது, அவன் யார் என்று அவருக்குத் தெரியாது. நல்ல முறை. ஆனால் நூற்றுக்கு 25 என்று பொதுவாக ஒதுக்கப்படும் அகமதிப்பெண்ணுக்கு அந்தத் திரை கிடையாது. பெயர் தெரியும், ஊர் தெரியும், கோவிலா, குருசடியா, பள்ளிவாசலா என்பதும் தெரியும். 1929-இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் வாலிலே தொங்கும் சாதிப் பட்டத்தை அறுத்தெறியச் சொன்னது. அறுத்தோம். ஆனாலும் நம் நாட்டிலே ஊர்ப் பெயரும் தெருப் பெயருமே சாதிச் சான்றிதழ் ஆகிவிடுகின்றன. ஆசிரியர்கள் எல்லோரும் அப்படிப் பார்க்கிறார்கள் என்று நாம் கூறவில்லை. நாமும் ஆசிரியர் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. ஏழை மாணவனுக்காகச் சொந்தக் காசிலே தேர்வுக் கட்டணம் கட்டும் பேராசிரியர்களை இந்த மாவட்டத்திலேயே கண்டிருக்கிறோம். ஆனால் நல்லவர் கையிலே இருக்கிறது என்பதற்காக ஒரு முறையே நல்லதாகிவிடுமா? துரோணர் கெட்டிக்கார ஆசிரியர்தான். பாடம் சொல்வதும் அவரே, தகுதியைத் தீர்மானிப்பதும் அவரே, கட்டணம் என்னவென்று கேட்பதும் அவரே என்றிருந்ததால்தான், ஏகலைவனின் கட்டை விரல் போயிற்று. அந்தக் கதையிலே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம் போட இடமே இல்லை!

கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2018-இல் அருப்புக்கோட்டையிலே, உதவிப் பேராசிரியை ஒருவர் மாணவியரிடம் தொலைபேசியிலே பேசிய பேச்சு நாட்டையே நடுங்க வைத்தது. மேலிடத்தவரின் இச்சைக்கு இணங்கினால் மதிப்பெண்ணும் பணமும் உண்டு என்பது அந்தப் பேச்சின் சாரம். 2024-இல் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தது. அந்தப் பெண்கள் துணிந்தார்கள், பேச்சைப் பதிவு செய்தார்கள், உலகுக்குக் காட்டினார்கள். மதிப்பெண்ணைத் தூண்டிலிலே புழுவாக மாட்டலாம் என்ற எண்ணம் எப்படி வந்தது? ஏடு மூடிக் கிடப்பதால் வந்தது. அதே 2018-இல் அண்ணா பல்கலைக் கழக மறுமதிப்பீட்டிலே முறைகேடு என்று ஊழல் தடுப்புத் துறை வழக்குப் பதிந்தது. முந்திய ஆண்டின் ஒரே பருவத் தேர்வுக்கு மறுமதிப்பீடு கேட்டவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல் என்னும் செய்தி அப்போது வெளிவந்தது. மூன்று இலட்சம் பேர் தங்கள் மதிப்பெண்ணை நம்பவில்லை என்பதைவிட ஒரு பல்கலைக் கழகத்துக்கு வேறு சான்று வேண்டுமா?

இப்படி அளக்கப்படும் மதிப்பெண்ணைக் கொண்டுதான் ‘ஓ’ முதல் ‘எஃப்’ வரை எழுத்துகள் வழங்குகிறார்கள். புதிய கட்டமைப்பிலே, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் எடுத்தவனுக்கே நான்காம் ஆண்டிலே ஆராய்ச்சிப் பட்டம்; அப்படி முடித்தவன் முதுகலை இல்லாமலே முனைவர் பட்டத்துக்குப் போகலாம். ஆகவே எவரும் காணாத அறையிலே போடப்படும் 25 மதிப்பெண், நாளைக்கு யார் பேராசிரியர் ஆவார் என்பதையும் தீர்மானிக்கும். அடிவாரத்திலே ஓராண்டோடு ஒருவனை வழியனுப்பும் வாயில். உச்சியிலே 75 விழுக்காட்டுச் சல்லடை. நடுவிலே நிற்பவர்களுக்குச் சமத்துவம் பற்றிச் சொற்பொழிவு!

சாதிக் கட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2023 ஆகஸ்டிலே நாங்குநேரியில் மாணவன் ஒருவன் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பின், நீதியரசர் சந்துரு தலைமையிலே குழு அமைந்தது. 2024 சூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டிலே சாதி பற்றிய கட்டமோ குறிப்போ இருக்கலாகாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. சாதி மறுத்தோர் தம் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழிலே அந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாம் என்று 1973-இலேயே தமிழக அரசு ஆணையிட்டிருக்கிறது. 2000-இல் மீண்டும் நினைவூட்டியிருக்கிறது. இடஒதுக்கீடு வேண்டும் என்போரே சாதிக் குறிப்பு வேண்டாம் என்பது முரண் அல்லவா என்று சிலர் மடக்கப் பார்ப்பார்கள். முரண் ஏதுமில்லை. உரிமை பெறுவதற்கான சான்று, அலுவலகக் கோப்பிலே இருக்கட்டும். வகுப்பிலே பெயர் கூப்பிடும் ஏட்டிலே அது எதற்கு? அகமதிப்பெண் போடுகிறவர் மேசைமேல் அது எதற்கு?

கட்டணப் பாக்கிக்காக மூலச் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நிருவாகங்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரையே எழுதலாம். மூலச் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-இலேயே மானியக் குழு அறிவித்துவிட்டது என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறோம். வெளியேறுவது உரிமை என்று முழங்குகிறவர்கள், வெளியேறுகிறவன் காகிதங்களை மட்டும் பெட்டியிலே பூட்டி வைப்பது நல்ல வேடிக்கை!

இளைஞர்களே, கூட்டம் போடுவோம், தீர்மானம் நிறைவேற்றுவோம், அவை நடக்கட்டும். அதற்கு முன்பாக எளிய வேலை ஒன்று இருக்கிறது. 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம், தான் எழுதிய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவனுக்கு இந்தச் சட்டத்தின்படி உண்டு என்று தீர்ப்பளித்தது. பூட்டிய ஏட்டுக்கு நம் கையிலே சாவி இருக்கிறது, துருப்பிடிக்க விட்டுவிட்டோம். ஒவ்வொரு மன்றமும் தன் வட்டாரத்துக் கல்லூரிக்கும் பல்கலைக் கழகத்துக்கும் ஒரு விண்ணப்பம் எழுதட்டும். கேட்க வேண்டியவை இவ்வளவே: கடந்த ஐந்து ஆண்டுகளில் முதலாண்டிலே சேர்ந்தவர்கள் எத்தனை பேர், மூன்றாம் ஆண்டு இறுதித் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர், இடையிலே காணாமற் போனவர்களில் பெண்கள் எத்தனை பேர், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் எத்தனை பேர், வருகைக் குறைவுக்காக வசூலித்த மன்னிப்புக் கட்டணம் எவ்வளவு, அகமதிப்பெண்ணைப் பிரித்துக் காட்டி, தேர்வுக்கு முன்பே அறிவிப்புப் பலகையிலே ஒட்டும் வழக்கம் உண்டா, இல்லையேல் ஏன் இல்லை. கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளுக்குள் விடை தர வேண்டும் என்பது சட்டம். வருகிற விடையை இந்த ஏட்டுக்கு அனுப்பி வையுங்கள். வராவிட்டால், வரவில்லை என்பதையும் எழுதி அனுப்புங்கள்.